ரைசன் 5600எக்ஸ்: முதல் தடவையாக ஓவர்கிளாக் செய்யப் போகிறேன், எரிந்துவிடுமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இது. அவரிடம் இருப்பது ரைசன் 5 5600எக்ஸ் ப்ராசசர், பி550 மதர்போர்டு, 3200 வேகமுள்ள 8 ஜிபி ராம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, ப்ராசசர் பெட்டியோடு வந்த கூலர். ஏதோ ஒரு வீடியோவில் "4.7 கிகாஹெர்ட்ஸ், 1.4 வோல்ட், அவ்வளவுதான்" என்று சொன்னதைப் பார்த்திருக்கிறார். போடலாமா, போட்டால் எரியுமா, கேமில் எத்தனை எஃப்பிஎஸ் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) கூடும் என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: காசு கொடுத்து வாங்கிய ப்ராசசரில் கம்பெனி எதையாவது பதுக்கி வைத்திருக்கிறதா, அதை நான் பத்திரமாக எடுத்துக்கொள்ள முடியுமா? பதினைந்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் "நிறையவே பதுக்கியிருக்கிறார்கள், எடுத்துக்கொள்ளுங்கள்" என்றிருப்பேன். இன்று மிச்சம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் அந்த வீடியோ காட்டிய இடத்தில் இல்லை.

நான் இருபது வருடத்துக்கு மேலாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். பெரும்பாலும் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கும், கொஞ்சம் கேம் விளையாடுகிறவர்களுக்கும். லேப்டாப்பில் நான் கை வைப்பதில்லை, எனவே கீழே சொல்வது எதையும் லேப்டாப்பில் முயல வேண்டாம். திரவ நைட்ரஜன், திரவ ஹீலியம் ஊற்றி 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள்; அது வேறு விளையாட்டு, நான் அந்த மைதானத்தில் இறங்கியதே இல்லை. இன்னொன்று, நம் ஊரில் கேபினட் முழுவதையும் சிபியூ என்பார்கள். குழப்பம் வராமலிருக்க நான் ப்ராசசர் என்றே எழுதுகிறேன்.

ப்ராசசரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. மதர்போர்டிலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் என்று ஒரு அடிப்படைத் துடிப்பு வரும். ப்ராசசர் அதை 46ஆல் பெருக்கிக்கொண்டால் 4.6 கிகாஹெர்ட்ஸ். ஓவர்கிளாக் என்றால் இந்த இரண்டு எண்களில் ஒன்றைக் கூட்டுவது. 1998இல் இன்டெல் விட்ட செலரான் 300ஏ என்ற மலிவு ப்ராசசரில் பெருக்கும் எண் 4.5 என்று பூட்டியிருந்தது, ஆனால் அடிப்படைத் துடிப்பை 66இலிருந்து 100க்கு மாற்ற மதர்போர்டு விட்டது. 300 மெகாஹெர்ட்ஸுக்குக் காசு கொடுத்தவன் 450 மெகாஹெர்ட்ஸோடு வீட்டுக்குப் போனான். 2007இல் வந்த கோர் 2 குவாட் க்யூ6600 அதேபோல்தான்: 266ஐ 333 ஆக்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் 3.0 ஆகிவிடும், பல ப்ராசசர்களில் வோல்டேஜைக்கூடத் தொட வேண்டியிருக்காது. 2011இல் ஐ5 2500கே 3.3 என்று எழுதி வந்தது, நல்ல கூலர் போட்டவர்கள் 4.5 வரை சாதாரணமாகப் போனார்கள். ஓவர்கிளாக்குக்கு இன்றைக்கும் இருக்கும் பெயரெல்லாம் அந்தக் காலத்தில் சம்பாதித்தது.

உங்கள் 5600எக்ஸ் 2020இல் வந்தது. அடிப்படை 3.7, உச்சம் 4.6 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். இந்த இடைவெளிதான் கவனிக்க வேண்டிய விஷயம். நீங்கள் எதுவும் செய்யாமலேயே, சூடு எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது, எத்தனை கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி, உங்களுடையதில் ஆறு) வேலையில் இருக்கிறது என்று நொடிக்குப் பலமுறை பார்த்து, அது தானே வேகத்தை ஏற்றி இறக்கிக்கொள்கிறது. ஒரு கோருக்கு மட்டும் வேலை வந்தால் 4.6ஐத் தொடும், ஆறு கோரும் ஓடினால் கொஞ்சம் இறங்கி நிற்கும். அந்த வீடியோவில் சொன்ன மாதிரி நீங்கள் எல்லாக் கோருக்கும் ஒரே எண்ணைக் கட்டிப்போட்டால் இந்த ஏற்ற இறக்கம் நின்றுவிடும். 4.7 பெரும்பாலான 5600எக்ஸில் எல்லாக் கோரிலும் நிலைக்காது, 4.5க்கு இறங்கி வருவீர்கள். அப்போது வீடியோ ரெண்டர் கொஞ்சம் வேகமாகும், ஆனால் ஒரு கோரை நம்பி ஓடும் வேலைகள் முன்பைவிட மெதுவாகும். கேம்களில் பல அந்த வகை. கஷ்டப்பட்டு ஓவர்கிளாக் செய்து எஃப்பிஎஸ்ஸைக் குறைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்து "பாஸ், நம்பர் கூடியிருக்கு, கேம் ஏன் கூடல?" என்பார்கள்.

எரியுமா என்ற பயத்துக்கு வருவோம். வேகம் மட்டும் எதையும் எரிக்காது. தாங்க முடியாத வேகத்தைக் கொடுத்தால் விண்டோஸ் தொங்கும், நீலத் திரை வரும், அல்லது ஆன் ஆகவே ஆகாது. பயாஸை (மதர்போர்டின் அடிப்படை செட்டிங் மென்பொருள்) ரீசெட் செய்தால் பழையபடி எழுந்து உட்காரும். கொல்வது வோல்டேஜ். அதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்: ப்ராசசர் இழுக்கும் மின்சக்தி வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். 4.2 கிகாஹெர்ட்ஸ் 1.15 வோல்ட்டில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை 4.6க்கு ஏற்ற 1.35 வோல்ட் தேவைப்பட்டால், வேகம் 10 சதவீதம்கூட ஏறவில்லை, மின்சக்தி ஒன்றரை மடங்கு ஆகிவிடும். சூடு ஏறினால் கசிவு மின்சாரமும் ஏறுவதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும். அந்த ஒன்றரை மடங்கையும் உங்கள் குட்டி அலுமினியக் கூலர்தான் வெளியே தள்ள வேண்டும்.

சூட்டுக்கு எதிராக ப்ராசசரே தன்னைக் காத்துக்கொள்ளும். 5600எக்ஸின் எல்லை 95 டிகிரி. அதைத் தொட்டால் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துவிடும். அதனால் ஒரு நாள் 90ஐப் பார்த்துவிட்டேன் என்று தூக்கம் கெட வேண்டாம். ஆனால் நீங்கள் கையால் கட்டிப்போட்ட வோல்டேஜுக்கு எதிராக அப்படி ஒரு காவல்காரர் கிடையாது. பயாஸில் 1.4 என்று போட்டால் ப்ராசசர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். ஒன்றுமே செய்யாத ரைசனில் எச்டபிள்யூ இன்ஃபோ என்ற, சூடும் வோல்டேஜும் காட்டும் மென்பொருளைத் திறந்து பார்த்தால் 1.4க்கு மேலும் வோல்டேஜ் காட்டும். "அதுவே 1.4 எடுக்கிறதே, நான் போட்டால் என்ன?" என்று கேட்பார்கள். அது எடுப்பது ஒரு கோர் கண நேரம் ஓடும்போது, மின்னோட்டம் குறைவாக இருக்கும்போது. பன்னிரண்டு த்ரெட்டும் (ஒரு கோருக்கு இரண்டு வேலை வரிசை) முழுவீச்சில் ஓடும்போது அதே ப்ராசசர் தானாகவே அதைவிட நன்றாகக் கீழே இறங்கிக்கொள்கிறது. நீங்கள் கட்டிப்போட்டால் அதிக வோல்டேஜும் அதிக மின்னோட்டமும் ஒன்றாக, மணிக்கணக்கில். படியில் ஒரு மூட்டையைத் தூக்கி ஏறுவதும், அந்த மூட்டையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பதும் ஒன்றா? இந்த ப்ராசசரில் முழு வேலைக்கு 1.3க்கு மேல் நான் கட்டிப்போடுவதில்லை. இது ஏஎம்டி சொன்ன எண் அல்ல, என் சொந்த வரம்பு. கொஞ்சம் பயந்தாங்கொள்ளி வரம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வோல்டேஜ் விளையாட்டல்ல என்பதற்கு அண்மையில் இரண்டு சம்பவங்கள். 2023இல் ரைசன் 7000 வரிசையில், முக்கியமாக எக்ஸ்3டி வகைகளில், சில ப்ராசசர்கள் சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. ராம் வேகத்தைக் கூட்டும்போது ப்ராசசரின் எஸ்ஓசி பகுதிக்கு (ராமைக் கவனிக்கும் பாகம் இருக்கும் இடம்) மதர்போர்டு கொடுத்த வோல்டேஜ் அதிகமாகிப் போனது, அதற்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு வைத்து புது பயாஸ் விட்டார்கள். 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் ஓவர்கிளாக் எதுவும் செய்யாமலேயே நிலைதடுமாறுவது பெரிய செய்தியானது. ப்ராசசர் அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டு வாங்கியதில் உள்ளே தேய்மானம் ஆகிவிட்டது. ஆகஸ்டில் மைக்ரோகோட் (ப்ராசசருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு நிரல்) திருத்தம் வந்தது, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். தேய்ந்தவை தேய்ந்தவைதான், திருத்தத்தால் அவை திரும்பி வரவில்லை. நிபுணர்கள் நிரம்பிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், வீடியோவில் பார்த்த எண்ணை அப்படியே போடுவதைப் பற்றி நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி வருவதில் யாரும் உறுதி தர முடியாது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு 5600எக்ஸில் ஒன்று ஒரு அளவு தாங்கும், அடுத்தது தாங்காது. சிலிக்கான் லாட்டரி என்பார்கள், லாட்டரியேதான். அதனால் இன்னொருவரின் எண் உங்களுக்கு வேலை செய்யாது. ஆயுள் எவ்வளவு குறையும் என்பதும் அப்படியே. குறையும் என்பது நிச்சயம்: வோல்டேஜும் சூடும் கூடக்கூட உள்ளே உள்ள உலோகக் கம்பிகள் மெல்ல அரிபட்டுத் தேயும். இருபது வருடம் பதினெட்டு ஆகுமா, மூன்று ஆகுமா என்பதை உங்கள் குறிப்பிட்ட ப்ராசசருக்கு யார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள். வாரண்டி விஷயத்தில் மட்டும் சந்தேகமில்லை. ஓவர்கிளாக்கால் வரும் சேதம் ஏஎம்டி வாரண்டியில் சேராது. பயாஸில் அந்தப் பக்கத்துக்குள் நுழையும்போதே எச்சரிக்கை வரும், 'அக்செப்ட்' அழுத்தித்தான் உள்ளே போக முடியும்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். முதலில் ஓவர்கிளாக்கே உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். கேமை வழக்கமான செட்டிங்கில் ஓடவிட்டு கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு எத்தனை சதவீதம் என்று கவனியுங்கள். 97, 98 என்று நின்றால் மூச்சு வாங்குவது 3060தான். ப்ராசசரை எவ்வளவு விரட்டினாலும் எஃப்பிஎஸ் நகராது. 60, 70 என்று இருந்து, எஃப்பிஎஸ்ஸுக்குப் பூட்டும் போடாமல் இருந்தால் மட்டுமே ப்ராசசரோ ராமோ தடுக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிட வேலை இது, பலருக்கு இதோடு கேள்வியே முடிந்துவிடும். உங்கள் கார்டுக்கும் அநேகமாக முடிந்துவிடும் என்றே நினைக்கிறேன். எஃப்பிஎஸ்ஸுக்காக அல்ல, கற்றுக்கொள்ள ஆசை என்றால் மேலே படியுங்கள். அந்த ஆசை நல்ல காரணம்தான், எனக்கும் அதே பைத்தியம்.

எதையும் தொடுவதற்கு முன் இப்போதைய நிலையை அளந்து எழுதி வையுங்கள். சினிபெஞ்ச் ஆர்23 என்ற, வேகம் அளக்கும் மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். 5600எக்ஸுக்கு எல்லாக் கோருமாகச் சேர்ந்து 11,000ஐ ஒட்டி மதிப்பெண் வரும். கூடவே எச்டபிள்யூ இன்ஃபோவில் உச்ச சூடு, வேகம், வாட் மூன்றையும் குறியுங்கள். அறையின் வெப்பநிலையையும் எழுதுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கூலர் சூட்டை அறைக் காற்றுக்குத்தான் கடத்துகிறது; அறை 13 டிகிரி கூடினால் ப்ராசசரும் ஏறக்குறைய 13 டிகிரி கூடும். ஏசி போட்ட 24 டிகிரி அறையில் 76ஐக் காட்டிய அதே மெஷின், ஏசி இல்லாத 37 டிகிரி மதியத்தில் 89ஐக் காட்டும். மார்கழி ராத்திரியில் டெஸ்ட் பாஸான செட்டிங் கத்திரி வெயிலில் ஃபெயிலாவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். சித்திரையில் வந்து "நல்லாத்தான் ஓடிட்டிருந்தது" என்பார்கள். நன்றாகத்தான் ஓடியிருக்கும்.

உங்கள் மெஷினில் நான் முதலில் காசு போடுவது கூலரில். பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் ஸ்டாக் வேகத்துக்குப் போதும், அதற்கு மேல் மூச்சு முட்டும். நான்கு ஹீட்பைப் உள்ள சாதாரண டவர் கூலர் ஒன்று போதும், தண்ணீர் கூலர் தேவையில்லை. பழைய கூலரைக் கழற்றும்போது ஒரு ஜாக்கிரதை. ஏஎம்4 சாக்கெட்டில் பின்கள் ப்ராசசரில் இருக்கின்றன, மொத்தம் 1331. தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால் லீவர் பூட்டியிருந்தாலும் ப்ராசசர் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். முதலில் பத்து நிமிடம் ஏதாவது ஓடவிட்டு சூடாக்குங்கள், அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள், திருகுகளைக் கழற்றியபின் கூலரை இடதும் வலதுமாகத் திருகிக் கொடுங்கள். பேஸ்ட் இளகி 'ப்சக்' என்று ஒரு சத்தத்தோடு விடும். அதற்குப் பிறகு தூக்குங்கள். ஓவர்கிளாக்கால் செத்த ப்ராசசர்களைவிட இப்படிப் பின் வளைந்து வந்த ப்ராசசர்கள்தான் என் மேஜைக்கு அதிகம் வந்திருக்கின்றன. வளைந்த பின்னை மெக்கானிக்கல் பென்சிலின் மூக்கில் நுழைத்து நிமிர்த்தலாம். கை நடுங்காதவர்கள் மட்டும்.

அடுத்தது ராம். உங்கள் ராம் 3200 என்று வாங்கியது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வேகம் எவ்வளவு என்று பாருங்கள். 2133 அல்லது 2400 அல்லது 2666 என்று இருந்தால் எக்ஸ்எம்பி (ராமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடவிடும் செட்டிங்) ஆன் ஆகவில்லை, வாங்கிய நாளிலிருந்து வேகத்தில் ஒரு பங்கைப் பெட்டியிலேயே விட்டிருக்கிறீர்கள். பயாஸில் அதை ஆன் செய்வது ஒரே கிளிக். ரைசனில் உள்ளிணைப்பும் ராமின் தாளத்துக்கே ஓடுவதால், கேம்களில் இது ப்ராசசர் ஓவர்கிளாக்கைவிட நன்றாகவே தெரியும். இரண்டு ராமும் ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ செருகியிருந்தால் ஒற்றைச் சேனலில் ஓடிக்கொண்டிருக்கும். ஆன் செய்தபின் மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளை யூஎஸ்பியிலிருந்து ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். சிவப்பு வரி (ராம் செய்த தப்பு) ஒன்றுகூட வரக்கூடாது. "ஒன்றுதானே வந்தது" என்ற சமாதானம் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பயாஸுக்குள் போவதற்கு முன் திரும்பி வரும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். மதர்போர்டு கையேட்டில் கிளியர் சிமாஸ் ஜம்பர் எங்கே என்று போட்டிருக்கும். இரண்டு பின்களை அணைத்த நிலையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் சில விநாடி தொட்டால் எல்லா செட்டிங்கும் ஃபாக்டரி நிலைக்குப் போய்விடும். ஜம்பர் கைக்கு எட்டாவிட்டால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த வட்ட பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். முதல் தடவை திரை கறுப்பாகி எழாமல் நிற்கும்போது வயிற்றைக் கலக்கும். வழி தெரிந்தவனுக்குக் கலக்காது.

இப்போது ப்ராசசர். எண்ணைக் கட்டிப்போடும் மெனுவுக்குப் போகாதீர்கள். ப்ரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் என்ற பகுதியைத் தேடி, அட்வான்ஸ்ட் போடுங்கள். மின்சக்தி வரம்பு கேட்கும் இடத்தில் மேனுவல் என்று வைத்து பிபிடிக்கு 76 வாட், டிடிசிக்கு 60 ஆம்பியர், இடிசிக்கு 90 ஆம்பியர் கொடுங்கள். இவை உங்கள் ப்ராசசரின் ஃபாக்டரி வரம்புகளேதான். ஆட்டோ என்று விட்டால் சில மதர்போர்டுகள் தங்கள் இஷ்டத்துக்கு ஏற்றிவிடும். அதன் கீழே கர்வ் ஆப்டிமைசர் இருக்கும். பழைய பயாஸில் இல்லாவிட்டால் முதலில் அப்டேட் செய்யுங்கள். அதில் ஆல் கோர்ஸ், நெகட்டிவ், 10 என்று வையுங்கள். நீங்கள் செய்திருப்பது வேகத்தைக் கூட்டுவதல்ல. ஒவ்வொரு வேகத்துக்கும் ப்ராசசர் கேட்கும் வோல்டேஜை கொஞ்சம் குறைத்திருக்கிறீர்கள், ஒரு புள்ளிக்கு சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். வோல்டேஜ் குறைந்ததும் அதே 76 வாட்டுக்குள் ப்ராசசருக்கு இடம் மிஞ்சுகிறது. மிஞ்சிய இடத்தில் அது தானே வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. சூடு குறைந்து வேகம் கூடும். நான் ஓவர்கிளாக் பழகிய காலத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் செய்த 5600எக்ஸ்களில் எல்லாக் கோரும் ஓடும்போது 100 முதல் 150 மெகாஹெர்ட்ஸ் வரை இப்படிக் கிடைத்திருக்கிறது.

10 நிலைத்தால் 15, பிறகு 20 என்று போகலாம், உச்சவரம்பு 30. ஒவ்வொரு படியிலும் சினிபெஞ்ச் மதிப்பெண் ஏறுகிறதா என்று பாருங்கள். மெகாஹெர்ட்ஸ் ஏறி மதிப்பெண் இறங்கினால் வோல்டேஜ் போதாமல் ப்ராசசர் உள்ளுக்குள் துடிப்பை இழுத்துக்கொள்கிறது என்று பொருள். ஒரு படி பின்வாங்குங்கள். எல்லாக் கோரும் ஒரே அளவு தாங்காது. ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் நட்சத்திரம் போட்டிருக்கும் நல்ல கோர்கள்தான் குறைவாகத் தாங்கும். ஃபாக்டரியிலேயே அவற்றுக்கு வோல்டேஜை இறுக்கிப் பிடித்துவிட்டார்கள். சுமாரான கோர்களில்தான் குறைக்க இடம் இருக்கும்.

இனி டெஸ்ட். ஆரம்பநிலையில் இருப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். சினிபெஞ்ச் அரை மணி நேரம் ஓடிவிட்டது, எனவே நிலையாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். கர்வ் ஆப்டிமைசரில் தப்பு முழு வேலையில் தெரியாது. ஒரே ஒரு கோர் உச்ச வேகத்தைத் தொடும் கணத்தில், லேசான வேலையில்தான் அது விழும். பாட்டு கேட்டுக்கொண்டிருப்பீர்கள், மெயில் திறப்பீர்கள், பட்டென்று ரீஸ்டார்ட். ராத்திரி சும்மா விட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் லாகின் திரை காத்திருக்கும். அதற்கென்றே கோர்சைக்ளர் என்று ஒரு இலவச ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஒவ்வொரு கோராக, ஒற்றையாக ஓட்டிப் பார்த்து எந்தக் கோர் தப்பு செய்கிறது என்று சொல்லும். ஒரு ராத்திரி அதற்கு, இன்னொரு ராத்திரி ப்ரைம்95 அல்லது ஓசிசிடி என்ற முழுவேலை சோதனை மென்பொருளுக்கு. பிறகு விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து வீயா லாகர் என்ற பெயரில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ரீஸ்டார்ட் ஆகாமலேயே அங்கே மஞ்சள் முக்கோணம் வந்திருந்தால், ப்ராசசர் தப்பு செய்து தானே திருத்திக்கொண்டது என்று அர்த்தம். நான் அதையும் ஃபெயில் என்றே எண்ணுவேன்.

ஒற்றைச் சிவப்பு வரிக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று சொல்கிறேன். 2008இல் என்னிடம் க்யூ6600 இருந்தது. 356ஐ 9ஆல் பெருக்கி 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓட்டினேன். அந்தக் காலத்தில் அடிப்படைத் துடிப்பை ஏற்றினால் ராமும் கூடவே இழுபடும். என் ராம் அதன் அளவைத் தாண்டித்தான் ஓடிக்கொண்டிருந்தது. மெம்டெஸ்ட் இரண்டு சுற்று போட்டுப் பார்த்தேன், பாஸ். பொறுமை இல்லை, நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் ஒரு நீலத் திரைகூட வரவில்லை. நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டி மார்தட்டிக்கொண்டேன். அப்போது என் அக்கா கல்யாணப் போட்டோக்களை கேமரா கார்டிலிருந்து அந்த மெஷினில் ஏற்றி, ஆல்பம் பிரித்து, டிவிடியில் எழுதிவிட்டு கார்டுகளை அழித்தேன். மூன்றாவது மாதம் அக்கா ஆல்பத்துக்குப் படம் கேட்டபோது திறந்தால், தாலி கட்டும் படத்தில் மாமாவின் தோளுக்குக் கீழே எல்லாம் ஊதா நிறப் பட்டை. அடுத்த படம் சரி. அதற்கடுத்தது பாதிக்கு மேல் சாம்பல். ஆயிரத்துச் சொச்சம் படத்தில் நாற்பது போல இப்படி. டிவிடியிலும் அதே பட்டை, ஏனென்றால் கெட்டுப் போனதைத்தான் டிவிடியில் எழுதியிருக்கிறேன். அன்று ராத்திரி மெம்டெஸ்ட்டை மறுபடி ஓடவிட்டேன். ஐந்தாவது சுற்றில் ஒரு சிவப்பு வரி. ஒன்றே ஒன்று.

நீலத் திரை வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். தப்பு செய்தும் சத்தம் போடாத மெஷின்தான் ஆபத்து. எனவே டெஸ்ட் முடியும் வரைக்கும் அந்த மெஷினில் கிளையண்ட் வேலையோ, குடும்பப் படமோ, வருமான வரிக் கணக்கோ வேண்டாம். முக்கியமானவற்றின் ஒரு பிரதி வேறு மெஷினிலிருந்து எடுத்ததாக வெளியே இருக்கட்டும்.

இதைப் படிக்கும் இன்டெல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெயரின் கடைசியில் கே (அல்லது கேஎஃப், கேஎஸ்) என்று இருக்க வேண்டும், மதர்போர்டு இஸட் வரிசையாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் பெருக்கும் எண் பூட்டித்தான் இருக்கும். பி560இலிருந்து பி வரிசையில் ராம் வேகத்தை மட்டும் கூட்ட விடுகிறார்கள். 13, 14ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் ஓவர்கிளாக்கை மறந்துவிட்டு, முதல் வேலையாக பயாஸை அப்டேட் செய்யுங்கள். ஏஎம்டியில் ஏ320, ஏ520 போர்டுகளில் ப்ராசசர் ஓவர்கிளாக் கிடையாது. பி, எக்ஸ் வரிசைகளில் உண்டு.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) என்ன என்று நீங்கள் எழுதவில்லை. கேபினட்டோடு இலவசமாக வந்தது என்றால் மேலே சொன்ன எதையும் ஆரம்பிக்கும் முன் அதை மாற்றுங்கள். லோடு ஏறும்போது 12 வோல்ட் லைன் தள்ளாடினால் நீங்கள் ப்ராசசரைத் திட்டிக்கொண்டே வாரக்கணக்கில் கர்வ் எண்களை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் மெஷின் என் மேஜையில் இருந்தால் நான் செய்வது இவ்வளவுதான்: எக்ஸ்எம்பி ஆன், ஒரு டவர் கூலர், கர்வ் ஆப்டிமைசரில் நட்சத்திரக் கோர்கள் இரண்டுக்கும் 10, மற்றவற்றுக்கு 20 என்று தொடங்கி டெஸ்ட் சொல்லும் இடத்தில் நிறுத்துவது. புது கூலர் வந்தபின் 76ஐ 95 வாட் வரை உயர்த்திப் பார்ப்பேன். ரெண்டரில் கொஞ்சம் கிடைக்கும், கேமில் அநேகமாக எதுவும் கிடைக்காது. மேக்ஸ் பூஸ்ட் ஓவர்ரைடு என்று 200 மெகாஹெர்ட்ஸ் வரை கூட்ட ஒரு வரி இருக்கும், அதை முதல் மாதம் பூஜ்யத்திலேயே விடுங்கள். அதையும் கர்வையும் சேர்த்து மாற்றினால் எது விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. எல்லாம் நிலைத்த பிறகு பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த பயாஸ் அப்டேட் அத்தனையையும் துடைத்துவிடும், நட்சத்திரக் கோர் எது என்பது அப்போது உங்களுக்கு மறந்திருக்கும்.